தொட்டி நிழல்

பிப்ரவரி 24

நேற்று மாலை இந்திராணியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் மிஷினை சர்வீஸ் செய்ய இன்று காலை பத்து மணிக்கு ஆள் வந்தார். ஃபில்டர் மாற்றி, மிஷினின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினார். தேதி, அதன் கீழே 3,406. மிஷின் இதுவரை ஓடிய மணிக் கணக்காம். "அஞ்சாயிரம் தாண்டுனா போன் பண்ணுங்க சார்," என்றார்.

ஆக்சிஜனை நிமிடத்துக்கு இரண்டு லிட்டரில் வைத்திருக்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 94.

படுக்கையில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இனிமே அங்க வேண்டாங்க."

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு இருபத்தேழு வருடம் வாத்தியாராக இருந்தேன். தினமும் ரிஜிஸ்தர் எழுதிய கை. ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது எழுதாவிட்டால் சாப்பாடு இறங்குவதில்லை.

பிப்ரவரி 25

துணைமின் நிலையத்துக்குப் போய்க் கேட்டு வந்தேன். அடுத்த பராமரிப்பு மின்தடை மார்ச் 22. வழக்கம்போல் காலை 9 முதல் மாலை 5 வரை.

போன தடை பிப்ரவரி 4. மாடியில் நான்கு சோலார் பேனல், கீழே இரண்டு பாட்டரி, போதும் என்று நினைத்திருந்தேன். மதியம் 1:20க்குப் பாட்டரி தீர்ந்தது. கைவசமிருந்த சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரம் வந்தது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கும்போது இன்னொரு பக்கம் பிடித்தவர் பக்கத்து வீட்டுக் குருவையா. அவருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

அகல்யா ஓசூரிலிருந்து பேசினாள். "அப்பா, கரண்ட் போற அன்னிக்கு அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்துருங்க. இல்லேன்னா மொத்தமா இங்க கூட்டிட்டு வந்துருங்க. ஏன் இப்படி வம்பு பண்றீங்க?"

பாட்டரி ஐந்து மணி வரை நின்றால் வீட்டிலேயே இருக்கட்டும், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தோம். இந்திராணியிடம் சொன்னேன். "நிக்குமா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன்.

ஜெனரேட்டர் புகை அவளுக்கு ஆகாது. நூற்பாலைப் பஞ்சு தின்று தீர்த்த நுரையீரல். புதுப் பாட்டரி ஏப்ரலில்தான் வரும் என்று ஞானராஜ் சொல்லிவிட்டான். என்னிடம் படித்தவன், இப்போது சோலார் கடை வைத்திருக்கிறான். ஆகவே இருப்பதை வைத்துத்தான் பிழிய வேண்டும்.

பிப்ரவரி 26

குறை பேனலில் இல்லை, நிழலில் இருக்கிறது. கிழக்கே குருவையா வீட்டு மாடிப்படி அறை. அதன் மேல் இரும்பு ஸ்டாண்டு, ஸ்டாண்டின் மேல் ஆயிரம் லிட்டர் கருப்புத் தொட்டி. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அதன் நிழல் என் இரண்டு பேனல்களின் மேல் படுத்துக் கிடக்கிறது. மதியத்துக்கு மேல் மலைப் பக்கமிருந்து மேகம் வந்துவிடும். காலை வெயிலைச் சேர்த்து வைத்தால்தான் சாயங்காலத்துக்கு ஆகும். அந்த நேரத்தில்தான் நிழல்.

நான்கும் சீரிஸ். ரேஷன் கடை வரிசை மாதிரி. ஒருவன் நின்றால் பின்னால் இருப்பவனும் நிற்க வேண்டியதுதான்.

வோல்டேஜை மாற்ற மாற்றப் பேனல் தரும் பவர் ஏறி இறங்கும். நிழல் இல்லாதபோது அதற்கு ஒரே உச்சம். பாதி நிழல் விழுந்தால் இரண்டு உச்சம் வரும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவில் என்னிடம் இருக்கும் கன்ட்ரோலர் வோல்டேஜை ஒரு படி மாற்றிப் பார்க்கும். பவர் கூடினால் அதே பக்கம் இன்னொரு படி. குறைந்தால் திரும்பி வந்துவிடும். இப்படித் தடவித் தடவிச் சின்ன உச்சத்தில் ஏறி, இதுதான் உச்சி என்று உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் பெரியது இருப்பது அதற்குத் தெரியாது.

ஞானராஜ் இன்னொரு வகை கன்ட்ரோலர் தருகிறேன் என்றான். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மேலிருந்து கீழ் வரை முழுக்கத் தேடிப் பார்த்துப் பெரிய உச்சத்தைப் பிடிக்குமாம். மூன்றாவது வழி, ஒயரிங்கை மாற்றுவது. நிழல் விழும் இரண்டும் தனி, விழாத இரண்டும் தனி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கன்ட்ரோலர்.

மூன்றையும் ஒப்பிட்டுவிடலாம். மூன்று நாளுக்கு ஒரு சோதனை. காலை ஒன்பதுக்கு மெயினை அணைத்துவிட்டு மிஷினைப் பாட்டரியில் ஓட விடுவது, எத்தனை மணிக்குத் தீர்கிறது என்று பார்ப்பது.

"குருவையாண்ணன் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன், தொட்டிய அங்கிட்டுத் தள்ளி வைக்கச் சொல்லி," என்றாள் இந்திராணி. அந்தப் படி அறை கட்டும்போது, இடம் விடவில்லை என்று நகராட்சிக்கு மனு கொடுத்தவன் நான். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. இப்போது போய் நிற்பதா? எலக்ட்ரிக்கலாகவே இதற்கு வழி இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 27

சோதனை 1. பழைய கன்ட்ரோலர். பத்து மணிக்கு 128 வாட். தீர்ந்த நேரம் 1:35. மெயினைப் போட்டேன்.

மார்ச் 2

மாவு அரைத்தேன். உப்பு மறந்துவிட்டது. பேனல்களைத் துடைத்தேன், காக்கை எச்சம்.

சோதனை 2. அதே கன்ட்ரோலர். 1:50. துடைத்ததற்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தது.

இரண்டரை லிட்டர்.

மார்ச் 6

தேடிப் பிடிக்கும் கன்ட்ரோலர் வந்தது. சோதனை 3. பத்து மணிக்கு 251 வாட். பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் மாடியிலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். தீர்ந்த நேரம் 2:55.

கீழே வந்து சொன்னேன். "அஞ்சுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் வேணுமே," என்றாள். அவளும் கணக்கு வைத்திருக்கிறாள்.

"நிக்கலேன்னா ஆஸ்பத்திரிதானா?"

"ஒரு நாள்தானே."

"போன தடவையும் ஒரு நாள்னுதான் சொன்னீங்க."

மூன்று லிட்டர்.

மார்ச் 9

சோதனை 4. அதே கன்ட்ரோலர். பத்து மணிக்கு 247. மாடியில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதினேன். தீர்ந்த நேரம் 4:20!

போன தடவையைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம். வெயில் அதே வெயில்தான். பாட்டரி இப்போதுதான் நன்றாக சார்ஜ் ஏறிப் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினொன்றரைக்குப் படி இறங்கும்போது மிஷினில் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். பார்க்க வேண்டும்.

விரல் மீட்டர் 84 காட்டியது. கை சில்லென்று இருந்தது. மீட்டருக்குப் புது செல் வாங்க வேண்டும்.

மார்ச் 10

செல் மாற்றினேன். 92. செல்லில்தான் கோளாறு.

மார்ச் 11

காலை முழுக்க ஒயரிங். இரண்டு இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கன்ட்ரோலர். வெறுங்காலோடு மாடியில் நின்றதில் பாதம் கொப்பளித்துவிட்டது. இந்திராணி திட்டினாள். "செருப்புப் போட்டுக்கிட்டு ஏறுங்க. ரப்பர் செருப்பு ஒண்ணு வாங்கிக்கிடுங்க." மூச்சு வாங்க இரண்டு தரம் சொன்னாள். மாலை கடைக்குப் போய் வாங்கினேன். நடந்தால் தெருவுக்கே கேட்கிறது.

மார்ச் 12

சோதனை 5. புது ஒயரிங். பத்து மணிக்கு 296 வாட். ஐந்து மணிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது!

அகல்யாவுக்குப் போன் செய்தேன். "நிஜமாவாப்பா?" என்றாள். இந்திராணி போனை வாங்கி, "அப்பா ஜெயிச்சிட்டாருடி," என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. உதடு கொஞ்சம் நீலம். பேசினால் அப்படித்தான் ஆகிறது.

மீட்டர் 83, அரை மணி கழித்து 91. மூன்றரை லிட்டர்.

ஞானராஜிடம் எண்களைச் சொன்னேன். "சார், நம்பவே முடியல. எனக்கு அந்த ஒயரிங்க ஒரு பேப்பர்ல வரைஞ்சு குடுங்க," என்றான். வரைந்து வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் போர்டில் வரைவதுபோல் கலர் கலராக.

மார்ச் 15

சோதனை 6. ஐந்து மணிக்குப் பாட்டரி 24.1 வோல்ட். போன தடவையைவிடக் கூடுதல்.

சோதனை நேரத்தில் இந்திராணி நன்றாகத் தூங்குகிறாள். எழுப்பினாலும் லேசில் எழுந்திருப்பதில்லை.

மீண்டும் பீப்.

மார்ச் 16

கத்தரிக்காய். கரண்ட் பில் வாங்கி வைத்தேன்.

மார்ச் 18

சோதனை 7. காலையிலிருந்தே மேகம். பத்து மணிக்கு 140 வாட், பதினொன்றுக்கு 155. இன்று இரண்டு மணிகூடத் தாண்டாது என்று நினைத்தேன். ஐந்து மணிக்குப் பாட்டரி 23.9.

ஒயரிங் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன்.

நான்கு லிட்டர். அவள் இன்று சாப்பிடவில்லை.

மார்ச் 19

அவள் கேட்டாள்: "இருபத்திரெண்டாம் தேதி நான் இங்கதான இருப்பேன்?"

ஆமாம் என்றேன்.

மார்ச் 20

ஐ.டி.ஐ. பயல்களுக்கு நான் முதல் வகுப்பில் சொன்னது இதுதான்: உள்ளே வந்ததும் வெளியே போனதும் ஒத்துவராவிட்டால், நடுவில் எங்கோ லீக். 18ஆம் தேதிக் கணக்கு ஒத்துவரவில்லை. 140 வாட்டை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் எப்படி ஓடும்? அந்தப் பக்கத்தை இரண்டு தரம் புரட்டினேன். பிறகு அவளுக்குக் கஞ்சி வைத்தேன்.

மார்ச் 21

மாலை ஆறு மணிக்கு மிஷினின் ஃபில்டரைக் கழுவலாம் என்று பின்பக்கம் திருப்பினேன். சர்வீஸ்காரர் ஒட்டிய சீட்டு. பிப்ரவரி 24, காலை 10, 3,406.

இன்று வரை இருபத்தைந்து நாள், எட்டு மணி நேரம். இரவும் பகலும் ஓடும் மிஷின். 608 மணி நேரம். மிஷினின் மணி மீட்டரில் 4,014 இருக்க வேண்டும்.

4,003 இருந்தது.

மூன்று தரம் கூட்டினேன். பதினொரு மணி நேரம் குறைகிறது.

மாடியில் உள்ள மீட்டர், இன்வெர்ட்டர் மீட்டர், பாட்டரி, விரல் மீட்டர், எல்லாவற்றையும் பார்த்து எழுதியவன் இந்த ஒரு மீட்டரை மட்டும் பார்க்கவில்லை. இது அவள் தலைமாட்டில்தான் இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஷின நீ ஆஃப் பண்ணுனியா?"

"கொஞ்ச நேரந்தாங்க. நீங்க மாடிக்கு ஏறுனப்புறம். தாங்க முடியலேன்னா போட்டுக்கிடுவேன். திரும்ப அணைப்பேன்."

"நான் வந்தா?"

"செருப்புச் சத்தம் கேக்கும்ல."

அவளே சொன்னாள்: "அந்த வார்டுல ராத்திரி ராத்திரி ஒவ்வொரு கட்டிலா காலியாகும். நான் எண்ணிக்கிட்டே கெடந்தேன். இனி அங்க போமாட்டேன்னு தோணுச்சு. ஒங்களுக்கும் அது அஞ்சு வரைக்கும் நிக்கணும்."

பிறகு, "போடும்போதெல்லாம் பீப்புனு கத்தும். ஒங்களுக்குக் கேட்டுருமோன்னு பயந்துக்கிட்டே போடுவேன்," என்றாள்.

கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

கேட்டது. 9ஆம் தேதி கேட்டது, 15ஆம் தேதி கேட்டது, என் கையெழுத்திலேயே இருக்கிறது. மிஷினை ஸ்விட்ச் போட்டால் மட்டுமே வரும் சத்தம் அது. வாங்கிய அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியும். ஐந்து மணி வரை நின்றது என்று எழுத எனக்கு அவ்வளவு ஆசை.

பதினொரு மணி நேரத்தை 9ஆம் தேதியிலிருந்து நடந்த நான்கு சோதனைக்கும் பங்கு போட்டுக் கழித்துப் பார்த்தேன். புது ஒயரிங் உண்மையில் நிற்பது மூன்றரை மணி வரைதான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் சொல்லிவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு வண்டி.

மார்ச் 22

காலை ஏழு மணிக்கு மிஷினை அணைத்தேன். 4,016.

கட்டிலில் படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதே வார்டு, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில்.

பதினொன்றுக்கு அவள் டம்ளரும் துண்டும் எடுக்க வீட்டுக்கு வந்தேன். கரண்ட் இல்லை. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். 318 வாட். இதுவரை நிழலில் வந்ததிலேயே அதிகம். கீழே எதுவும் ஓடவில்லை.

மார்ச் 23

டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். பத்து லிட்டர்.

மார்ச் 24

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாவு புளிச்சிருக்கும், கொட்டிருங்க," என்றாள். கொட்டினேன்.

மார்ச் 26

அதிகாலை 5:10. அகல்யாவுக்குப் போன் செய்தேன்.

வண்டியில் குருவையா கூட வந்தார். வீட்டுக்குள் தூக்கி வரும்போது போன தடவைபோல் இன்னொரு பக்கம் அவர்தான் பிடித்தார்.

மார்ச் 27

எல்லாம் முடிந்தது.

மார்ச் 28

4,016.

மார்ச் 31

4,016. அகல்யா மிஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 6

துணி துவைத்தேன். விரல் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். எனக்கு 98.

ஏப்ரல் 11

பதினாறாம் நாள் நேற்று முடிந்தது. அகல்யா இன்று ஓசூர் கிளம்பினாள். கிளம்பும்போது குருவையா வீட்டு வாசலில் நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 12

காலையில் குருவையா வந்தார். மூன்று வருடம் கழித்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி போட்டேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, என் தொட்டி நெழலு ஒங்க சோலார்ல விழுதாமே. பாப்பா சொல்லுச்சு."

"ஆமா."

"அந்த மூச்சு மிஷினுக்கா அது?"

"ஆமா."

டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. தண்ணியத் தொறந்து விட்டுட்டு எறக்கி வைக்க முக்கா மணி நேரம் ஆகுமா? மனு குடுத்தீக, சரி, அது ஒரு கோவம். அதுக்காக இதுக்குப் போயி நான் மாட்டேன்னா சொல்லிருவேன்?"

சொல்லியிருக்கமாட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிப்ரவரி 4ஆம் தேதியே தெரிந்திருக்க வேண்டும். நான் ஒப்பிட்டது மூன்று வழி. அவள் முதல் நாளே சொன்ன நான்காவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அன்றைக்கு நாற்காலி பிடித்ததற்கு நன்றி என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 13

குருவையாவும் ஒரு பிளம்பரும் தொட்டியை இறக்கி, படி அறைக்குக் கிழக்கே மாடித் தரையோடு வைத்தார்கள். ஸ்டாண்டையும் கழற்றினார்கள். இனி எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அதைச் செய்ய வேண்டியிருந்தது. ஐம்பது நிமிடம் ஆனது.

ஏப்ரல் 18

நாளை மின்தடை. 9 முதல் 5 வரை.

ஏப்ரல் 19

சோதனை 8. தொட்டி இல்லை.

காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனதும் மிஷினைப் போட்டேன். பீப். நான்கு லிட்டரில் வைத்தேன். குழாயைத் தலையணை மேல் வைத்தேன், அவள் தலை இருக்கும் இடத்தில். 4,016.

மாடிக்குப் போகவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கட்டில் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட எழுந்திருக்கவில்லை. மதியத்துக்கு மேல் வழக்கம்போல் மேகம் வந்தது. குழாயிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இரண்டு மணி. மூன்று மணி. மூன்றரை.

நான்கரைக்குக் குருவையா ஜன்னலில் நின்று பார்த்தார். மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பாட்டரி 24.2. மிஷினில் 4,024. எட்டு மணி நேரமும் ஓடியிருக்கிறது, ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

இந்திராணி, ஐந்து மணி வரை நின்றது.